ஒரு கப் ஸ்வீட் கார்னுக்குள் 9,000 வருஷம்… தெரியுமா?

ஜனவரி மாதம். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். புத்தகக் காட்சியில் வரிசை வரிசையாக நடந்து, பை கனத்து, கால் கடுத்து, கடைசியில் உணவுக்கடைப் பக்கம் ஒதுங்குகிறோம். மிளகாய் பஜ்ஜிக்குப் பக்கத்தில் ஆவி பறக்கிற ஒரு பாத்திரம். “பட்டரா சார், மசாலாவா?” என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் மஞ்சள் மணிகளைக் காகிதக் கப்பில் அள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, குலுக்கி நீட்டுகிறார்.

முதல் வாய் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம்! அந்தக் கப்புக்குள் என்னென்ன இருக்கிறது, தெரியுமா? மெக்சிகோ மலைப் புல் ஒன்று, கெட்டுப்போன மரபணு ஒன்று, அமெரிக்காவையே உலுக்கிய பூஞ்சை ஒன்று, புத்தாண்டு வாழ்த்து அட்டை ஒன்று, கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கல்யாணம் செய்துவைத்த ஒரு பெண் விஞ்ஞானி… எல்லாம் இருக்கிறது. கப் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறோம். சாப்பிட்டுக்கொண்டே படியுங்கள்!

1. இந்த இனிப்பே ஒரு ‘ரிப்பேர்’, தெரியுமா?

மக்காச்சோளச் செடி தன் மணிக்குச் சர்க்கரை அனுப்புவது நமக்காகவா? நாளைக்கு முளைக்கப்போகும் குட்டிச் செடிக்காக. அந்தச் சர்க்கரையை மாவாக்கி மணிக்குள் கட்டுச்சோறாகக் கட்டி வைக்கிறது. கோழித்தீவன மக்காச்சோளத்தில் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். மணி கல்லு மாதிரி இறுகும். ஸ்வீட் கார்னில் அந்த மாவு மில்லின் ஒரு மெஷின் பழுது! சர்க்கரை மாவாக மாறாமல் அப்படியே தேங்கி நிற்கிறது. நம் நாக்குக்குக் கொண்டாட்டம்.

செடிக்கு? நஷ்டம். ஸ்வீட் கார்ன் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலர்ந்த திராட்சை போலச் சுருங்கிக் கிடக்கும். உள்ளே கட்டுச்சோறு குறைவு. அதனால் முளைக்கும்போதே தடுமாறும். காட்டில் இப்படி ஒரு விதை பிறந்தால் அதன் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனுஷன் நாக்கு ருசி கண்டதால் மட்டுமே இது பிழைத்திருக்கிறது!

2. மெண்டலின் சுருங்கிய பட்டாணிக்கும் இதே கதைதான்!

பள்ளிக்கூடத்தில் உருண்டைப் பட்டாணி, சுருங்கிய பட்டாணி என்று படம் போட்டு மார்க் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? மெண்டல் அந்தக் கணக்கை வெளியிட்டது 1866இல். அந்தப் பட்டாணி ஏன் சுருங்கியது என்று கண்டுபிடித்தது எப்போது, தெரியுமா? 1990இல்! மாவு தயாரிக்கும் மரபணு ஒன்றுக்குள் வேறொரு துண்டு புகுந்து உட்கார்ந்து அதைக் கெடுத்துவிட்டது. மாவு குறைந்தது, சர்க்கரை கூடியது, காயும்போது விதை சுருங்கியது. உங்கள் கப்பில் இருப்பது மெண்டல் தோட்டத்துப் பட்டாணிக்கு ஒன்றுவிட்ட தம்பி!

3. ஒரு கதிர், சில நூறு அப்பாக்கள்!

மக்காச்சோளக் கதிரை உரிக்கும்போது கையில் ஒட்டுகிற அந்த முடி இருக்கிறதே, எரிச்சலாக இழுத்துப் போடுவோமே, அதில் ஒரு முடிக்கு ஒரு மணி! ஒவ்வோர் இழையும் ஒரு சூலில் போய் முடிகிறது. நுனியில் விழுகிற ஒரு மகரந்தத் தூள் அந்த நூலுக்குள்ளேயே குழாய் இறக்கிப் பயணம் செய்து உள்ளே போய்ச் சேர வேண்டும். மகரந்தம் செடியின் உச்சியிலிருக்கும் ஆண் பூவிலிருந்து காற்றில் வருகிறது. பக்கத்துச் செடியிலிருந்து வரலாம், பக்கத்து வயலிலிருந்தும் வரலாம். ஆகவே ஒரே கதிரில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு மணிகளுக்குத் தாய் ஒன்று, தந்தை வேறாக இருக்கலாம்!

இங்கேதான் ஸ்வீட் கார்ன் விவசாயிக்குத் தலைவலி. இனிப்பைத் தருகிற பழுது தாய் வழியிலும் வர வேண்டும், தந்தை வழியிலும் வர வேண்டும். பக்கத்தில் தீவன மக்காச்சோளம் பூத்திருந்தால் போச்சு! அந்த மகரந்தம் விழுந்த மணி மாவாகிவிடும். அதனால்தான் ஸ்வீட் கார்ன் வயலைத் தள்ளிப் போடுகிறார்கள், அல்லது பூக்கும் நாளைத் தள்ளி வைக்கிறார்கள். நல்ல ஸ்வீட் கார்ன் கதிர் என்பது ஊரை விட்டுத் தள்ளிக் குடியிருக்கிற குடும்பம்!

4. வரிசையை எண்ணுங்கள்: எப்போதும் இரட்டைப்படை!

12, 14, 16, 18… ஒழுங்கான கதிரில் 13 வரிசையோ 15 வரிசையோ வராது! பூக்கள் ஜோடி ஜோடியாகவே பிறப்பதால் இந்த விசித்திரம். ‘கன்ட்ரி ஜென்டில்மேன்’ என்று ஒரு பழைய அமெரிக்க ஸ்வீட் கார்ன் உண்டு. அதில் மணிகள் வரிசையே கட்டாமல், பண்டிகைக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருக் கூட்டம் மாதிரி முட்டி மோதிக்கொண்டு நிற்கும்!

5. இதன் பாட்டியைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்!

சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே ‘டியோசின்டே’ என்று ஒரு காட்டுப் புல். அதன் கதிர் நம் சுண்டுவிரலை விடச் சின்னது. உள்ளே 5 முதல் 12 மணி. ஒவ்வொன்றும் கல்லு போன்ற ஓட்டுக்குள். கடித்தால் பல்லுக்குத்தான் ஆபத்து! இதுவா நம் குண்டு மக்காச்சோளமானது என்று விஞ்ஞானிகளே நம்பவில்லை.

ஜார்ஜ் பீடில் நம்பினார். 1958இல் நோபல் பரிசு வாங்கிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு, 1970களில், டியோசின்டேவையும் மக்காச்சோளத்தையும் ஒட்டி, பேரப்பிள்ளைச் செடிகளாக 50,000 வளர்த்துப் பார்த்தார். ஏறத்தாழ 500க்கு ஒன்று அசல் பாட்டி மாதிரியோ, அசல் மக்காச்சோளம் மாதிரியோ வந்தது. கணக்குப் போட்டார்: பெரிய மாற்றங்களுக்குக் காரணம் நாலைந்து மரபணுக்கள்தான்! பின்னால் வந்தவர்கள் அவற்றில் சிலவற்றைக் கையும் களவுமாகப் பிடித்தே விட்டார்கள். கல் ஓட்டைக் கழற்றியது ஒரு மரபணு, கிளை பரப்பும் புல்லை ஒற்றைத் தண்டாக்கியது இன்னொன்று.

ஆனால் அதற்கு விலையும் உண்டு. இன்றைய மக்காச்சோளத்தால் தானாகத் தன் விதையை உதிர்க்க முடியாது. மனுஷன் உரித்து விதைக்காவிட்டால் அதன் வம்சம் அவ்வளவுதான்!

6. இரண்டு மக்காச்சோளங்களுக்குள் மனுஷனுக்கும் சிம்பன்சிக்கும் உள்ள தூரம்!

மிகைப்படுத்தல் இல்லை. இரண்டு மக்காச்சோள ரகங்களை எடுத்து மரபணு எழுத்துகளை ஒப்பிட்டால், சராசரியாக நமக்கும் சிம்பன்சிக்கும் உள்ள அளவு வித்தியாசம் இருக்கும்! 2009இல் மக்காச்சோளத்தின் மரபுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள். சுமார் 230 கோடி எழுத்து, ஏறக்குறைய 32,000 மரபணு. மனுஷனுக்கோ சுமார் 20,000தான். மக்காச்சோளத்திடம் தோற்றோம்!

அந்த எழுத்துகளில் 85 சதவீதம் போல ‘தாவும் மரபணு’க்கள். உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் இங்கிருந்து அங்கே குதிக்கக்கூடிய துண்டுகள். இதை முதலில் கண்டது யார், தெரியுமா? மக்காச்சோள மணிகளின் நிறப் புள்ளிகளை வருஷக்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பார்பரா மெக்லின்டாக். 1951இல் சொன்னபோது பெரும்பாலானவர்கள் காதில் வாங்கவில்லை. 1983இல் நோபல் பரிசு வீடு தேடி வந்தது. யாரோடும் பங்கில்லாமல், முழுசாக அவருக்கே! மெண்டலின் பட்டாணிக்குள் புகுந்து உட்கார்ந்ததாகச் சொன்னோமே, அந்தத் துண்டும் இவர் கண்ட தாவும் மரபணுக்களுக்கு உறவு!

7. ‘சும்மா வாயில் போட்டுப் பார்த்தேன்!’

ஸ்வீட் கார்னில் இரண்டு பெரிய குடும்பங்கள். பழைய குடும்பத்தின் பழுது 4ஆம் குரோமோசோமில், பெயர் ‘சுகரி-1’. பாலேடு மாதிரிக் குழைவாக இருக்கும். ஆனால் பறித்த நொடியிலிருந்து சர்க்கரை மாவாக ஆரம்பித்துவிடும். 30 டிகிரி வெயிலில் ஒரே நாளில் பாதிச் சர்க்கரைக்கு மேல் காலி! நம் ஊரில் 30 டிகிரி என்பது மார்கழிப் பகல். அப்படியானால் கோயம்பேட்டில் இறங்கி, நந்தனம் வந்து சேர்வதற்குள் என்ன மிஞ்சும்?

காப்பாற்றியது புதிய குடும்பம். இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாக்னன் வேறு ஏதோ மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கைவசம் இருந்த சில சுருங்கிய விதைகளை வாயில் போட்டுப் பார்த்தாராம். திடுக்கிட்டார். அப்படி ஓர் இனிப்பு! 3ஆம் குரோமோசோமில் ‘ஷ்ரங்கன்-2’ என்னும் இன்னொரு பழுது. 1953இல் எழுதி வெளியிட்டார். பழைய ரகத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சர்க்கரை. பறித்த பிறகும் சட்டென்று மாவாகாது. ‘சூப்பர் ஸ்வீட்’ என்று இன்று உலகம் பூராவும் விற்பது இதுவே. நம் ஊர் வெயிலில், நம் ஊர் தூரத்தில், தெருவோரக் கப்பில் இனிப்பு தங்குகிறது என்றால் லாக்னனின் நாக்குக்கு நன்றி!

8. இனிப்பு பிறந்தது ஓரிடத்தில் மட்டுமில்லை!

சுகரி-1 பழுது அமெரிக்கக் கண்டங்களில் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்திருக்கிறது! பெரு நாட்டு மலைவாசிகள் ‘சுல்பி’ என்னும் இனிப்பு ரகத்தை நாம் கடலை வறுப்பது போல வறுத்துக் கொறிக்கிறார்கள். மேற்கு மெக்சிகோவில் ‘மைஸ் துல்சே’. வட அமெரிக்காவில் இரோக்வாய் மக்களிடம் ஓர் இனிப்பு மக்காச்சோளம் இருந்தது. 1779இல் அவர்கள் ஊர்களையும் விளைநிலங்களையும் கொளுத்திச் சென்ற படையினர் அந்தக் கதிர்களைக் கையோடு எடுத்துப் போனார்கள் என்பதுதான் அங்கே சொல்லப்படும் ஸ்வீட் கார்ன் வரலாற்றின் தொடக்கம். கொஞ்சம் கசக்கிறது, இல்லையா?

9. மூன்றே தாத்தாக்கள்!

இங்கேதான் கதையின் முடிச்சு. மக்காச்சோளத்துக்குக் கடல் போலப் பன்மை இருக்கிறது என்று பார்த்தோம். ஸ்வீட் கார்னுக்கு? அமெரிக்காவின் பழைய வகை ஸ்வீட் கார்ன்களின் வம்சத்தைத் துருவிப் பார்த்தால், பெரும்பகுதி மூன்றே மூன்று ரகங்களில் போய் நிற்கிறது: ஸ்டோவெல்ஸ் எவர்கிரீன், கன்ட்ரி ஜென்டில்மேன், கோல்டன் பேண்டம். அது மட்டுமா! உலகத்தின் சூப்பர் ஸ்வீட் ரகங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஒரு ஷ்ரங்கன்-2 பழுதின் வாரிசுகள்.

கோல்டன் பேண்டம் 1902இல் சந்தைக்கு வந்தது. அதுவரை அமெரிக்கர்கள் மஞ்சள் சோளத்தை மாட்டுத்தீவனம் என்று ஒதுக்கி, வெள்ளையைத்தான் தின்றார்கள். ஒரு சின்ன மஞ்சள் கதிர் வந்து அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. உங்கள் கப் மஞ்சளாக இருப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி!

10. அளவுக்கு மீறிய சொந்தத்தில் சம்பந்தம் செய்தால்…

1908இல் ஜார்ஜ் ஷல் என்ற விஞ்ஞானி ஒரு வேடிக்கையைச் சொன்னார். மக்காச்சோளத்தைத் தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகக் கருவுறச் செய்தால் செடி குட்டையாகும், நோஞ்சானாகும். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு வெவ்வேறு நோஞ்சான்களைச் சேர்த்தால், பிறக்கும் பிள்ளை பயில்வான்! இதுவே வீரிய ஒட்டு. அந்த வீரியம் எங்கிருந்து வருகிறது? இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதிலிருந்து. இரண்டும் ஒரே மாதிரி என்றால் பயில்வானும் இல்லை, பந்தயமும் இல்லை.

1930களில் ஸ்வீட் கார்னுக்கு முதல் பரீட்சை வந்தது. தெள்ளுப்பூச்சி மாதிரித் துள்ளும் ஒரு வண்டு பரப்பிய ‘ஸ்டூவர்ட் வாடல்’ என்னும் பாக்டீரியா நோய், கோல்டன் பேண்டம் வயல்களைச் சாய்த்தது. நிமிர்ந்து நின்றது புதிதாக வந்த ‘கோல்டன் கிராஸ் பேண்டம்’ என்ற ஒட்டு ரகம். ஊரெல்லாம் விதை கேட்டு ஓடியது!

11. 1970: ஒரே மாதிரி இருந்ததற்குக் கிடைத்த அடி!

ஒட்டு விதை தயாரிக்க, தாய்ச் செடியின் ஆண் பூவைக் கையால் ஒடிக்க வேண்டும். பெரும் கூலி! ‘ஆண் பூவில் மகரந்தமே வராத செடி இருந்தால்?’ என்று தேடினார்கள். டெக்சாஸில் கிடைத்தது. தாய் வழியாக மட்டும் கடத்தப்படும் அந்தக் குணத்தை எல்லா நிறுவனங்களும் அள்ளிக்கொண்டன. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதத்துக்கு அந்த ஒரே தாய் வழி!

1961இலேயே பிலிப்பைன்ஸில் ஓர் எச்சரிக்கை வந்தது: இந்த வழிச் செடிகளுக்கு இலைக்கருகல் நோய் அதிகம் பிடிக்கிறது என்று. யாரும் பொருட்படுத்தவில்லை. 1970 கோடையில் அந்தப் பூஞ்சையின் புது வகை ஒன்று தெற்கிலிருந்து கிளம்பியது. ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயே போச்சு! ஒரு சாவிக்கு எல்லா வீட்டுப் பூட்டும் திறந்தால் திருடனுக்கு என்ன கவலை?

12. ஒரு வாழ்த்து அட்டை காட்டிய புல்!

நாம் பொங்கல் வாழ்த்து அனுப்பிய காலம் நினைவிருக்கிறதா? அதே மாதிரி, ஹியூ இல்டிஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1970களில் ஒரு புத்தாண்டு அட்டை அச்சடித்து நண்பர்களுக்கு அனுப்பினார். படம், பல்லாண்டு வாழும் டியோசின்டே புல். கீழே, காட்டில் இது அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று ஒரு வரி. மெக்சிகோவின் குவாதலஹாரா பல்கலைக்கழகத்தில் அதைப் பார்த்த ரஃபேல் குஸ்மான் என்ற மாணவர் ‘விடுவதில்லை’ என்று மலையேறித் தேடினார். தேடியது கிடைத்தது, தேடாத ஒன்றும் கிடைத்தது! ஹாலிஸ்கோ மாநிலத்து மலைகளில், உலகமே அறியாத ஒரு புது டியோசின்டே. ஒரு முறை முளைத்தால் பல வருஷம் நிற்கும். மக்காச்சோளத்தோடு ஒட்டும், பல வைரஸ் நோய்களைத் தாங்கும்! 1979இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1987இல் அந்த மலைத்தொடரே காப்பகமானது. ஒரு புல்லுக்காக ஒரு மலை!

13. பழுது ஒன்று, காப்பாற்றியது பல!

ஸ்வீட் கார்னுக்கு ஓர் அக்கா உண்டு, தெரியுமா? ‘ஒபேக்-2’. அதுவும் ஒரு பழுதான மரபணுவே. ஆனால் அது தருவது இனிப்பை அல்ல. மக்காச்சோளத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் சத்தை. 1964இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் சொன்னபோது உலகம் குதித்தது; பிறகு முகம் சுளித்தது. மணி சுண்ணாம்பு போல மென்மை, பூச்சிக்குக் கொண்டாட்டம், எடையும் குறைவு.

விட்டார்களா இரண்டு பேர்? இந்தியாவிலிருந்து மெக்சிகோ போன சுரிந்தர் வாசல், மெக்சிகோவின் எவாஞ்சலினா வில்லேகாஸ். வெவ்வேறு ரகங்களில் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன மரபணுக்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, மணியை மறுபடி கெட்டியாக்கினார்கள். 2000ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு இருவருக்கும்! லைசினைத் தந்தது ஒரு மரபணு. அதை வயலில் வாழவைத்தது ஒரு கூட்டம். ஸ்வீட் கார்னுக்கும் கணக்கு இதுவே. இனிப்புக்கு ஒரு பழுது போதும். சுருங்கிய விதை முளைக்க, நோயைத் தாங்க, காற்றில் சாயாமல் நிற்க ஊர்ப்பட்ட மரபணு வேண்டும்!

14. நந்தனத்துக்குப் பக்கத்து வீட்டில் தொடங்கிய வேளாண்மைப் படிப்பு!

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் எங்கே, தெரியுமா? நந்தனத்தை ஒட்டிய சைதாப்பேட்டையில்! 1868இல் அங்கே தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து, 1971இல் பல்கலைக்கழகமானது. இன்று மக்காச்சோள ஒட்டு ரகங்கள் அங்கிருந்து வருகின்றன. திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் மக்காச்சோளத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஹோட்டலில் மஞ்சூரியனாக வருகிற பேபி கார்னுக்கும் ‘கோ பிசி-1’ என்று ஒரு கோவை ரகம் இருக்கிறது. பேபி கார்ன் தனி இனமில்லை, தெரியுமல்லவா? பட்டு இழை எட்டிப் பார்த்ததும் கருவுறுவதற்கு முன்பே பறித்துவிடும் பிஞ்சுக் கதிர்!

15. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கல்யாணம்!

தலசேரியில் 1897இல் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் ஜானகி அம்மாள். அமெரிக்காவின் மிஷிகனில் டாக்டர் பட்டம் வாங்கி வந்து, 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அங்கே அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்: கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டினார்! இரண்டும் புல் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு பேரினம். 1938இல் ‘நேச்சர்’ இதழில் அந்தச் செய்தி வந்தது. மக்காச்சோளம் இனிப்பாவது கிடக்கட்டும். இனிப்பின் அரசனுக்கே மக்காச்சோளத்தைச் சம்பந்தியாக்கிய துணிச்சல்!

பிறகு லண்டன் போனார். 1945இல் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் கணக்கைத் திரட்டி ஒரு பெரும் நூல் போட்டார். கடைசிக் காலத்தில் சென்னைக்கே திரும்பி, மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் செடிகளோடு செடியாக வாழ்ந்து, 1984இல் மறைந்தார். மதுரவாயலைக் கடக்கும்போது இனி இவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

16. ‘நந்தனம்’ ஒரு கோழியின் பெயர், தெரியுமா?

சிக்னலுக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் மட்டும் இந்தப் பெயர் சொந்தமில்லை! இங்கே இயங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘நந்தனம் கோழி’, ‘நந்தனம் வான்கோழி’, ‘நந்தனம் காடை’ என்று ரகங்களே உண்டு. அந்தக் கோழிக்கும் நம் கப்புக்கும் என்ன உறவு? நாமக்கல் பண்ணையானாலும் நந்தனம் கோழியானாலும் தீவனத்தில் முக்கியப் பங்கு மக்காச்சோளம். முட்டையின் மஞ்சள் கருவுக்கு மஞ்சள் ஏறுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்த நிறமிகளில் ஒன்று ‘ஸியாஸாந்தின்’. மக்காச்சோளத்தின் அறிவியல் பெயரான ‘ஸியா’விலிருந்து வந்த பெயர். அதே நிறமி இப்போது இந்த வரியைப் படிக்கும் உங்கள் விழித்திரையின் நடுவிலும் இருக்கிறது!

17. மாதுரி, பிரியா… நடிகைகள் இல்லை!

இந்தியாவின் ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் 1957இல் பிறந்தது. 1961இல் வந்த முதல் ஒட்டு ரகங்களுக்கு கங்கா, ரஞ்சித், டெக்கான் என்று பெயர். ஸ்வீட் கார்ன் வந்ததும் பெயரும் இனித்தது! ஹைதராபாத்திலிருந்து 1990இல் வந்த ரகம் ‘மாதுரி’. பின்னால் 2002இல் ‘பிரியா’.

நம் நாட்டு மலைகளில் ஒளிந்திருக்கும் அதிசயங்கள் வேறு! சிக்கிமில் ஒரு பழம் ரகம்: ஒரே தண்டில் 5 முதல் 9 கதிர் வரை பிடிக்கும். நம் வயல் செடியில் ஒன்றோ இரண்டோதான். மிசோரமில் ‘மிம்பன்’: அவித்தால் பசை போல ஒட்டும். இவற்றில் என்னென்ன மரபணு உறங்குகிறது என்று முழுசாக எண்ணி முடிக்கவில்லை. மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ விதை வங்கியில் ஏறக்குறைய 28,000 மக்காச்சோள மாதிரிகள் குளிரில் காத்திருக்கின்றன. அத்தனைக்கும் தொடக்கம் ஏதோ ஒரு பாட்டி அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்ட நாலு விதைக் கதிர்!

18. 2018இல் வந்த விருந்தாளி!

அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தலைகாட்டியது. அந்த வருஷமே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளக் குருத்தைக் குடைந்து தள்ளிவிட்டது. விவசாயிகள் தலையில் கை வைத்தார்கள். ஸ்வீட் கார்னையும் அது விடுவதில்லை. குருத்தைத் தின்று, கதிருக்குள்ளும் புகும்.

மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். செடியிலேயே எதிர்ப்பு உண்டா? கரீபியக் கடலில் ஆன்டிகுவா என்று குட்டித் தீவு. அங்கத்திய நாட்டு மக்காச்சோளத்திலிருந்து, இந்தப் புழு தின்றால் வளராமல் குன்றிப்போகும் வரிசைகளை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ பிரித்தெடுத்துவிட்டார்கள். ருசிக்காக யாரும் அந்தத் தீவுச் சோளத்தைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். ஆனாலும் யாரோ ஒருவர் அதை விதைத்துக்கொண்டே இருந்தார்!

19. கடைசியாக, கப்பிலேயே ஒரு பரீட்சை!

மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஸ்வீட் கார்ன் கதிர் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளை உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள். நாலில் மூன்று மஞ்சள், ஒன்று வெள்ளை! மெண்டல் கணக்கு உங்கள் வீட்டுச் சமையலறையில். இன்னும் சில புது ஒட்டு ரகங்களில் ஒரே கதிரில் நாலில் மூன்று பங்கு மணிக்குப் பழைய குடும்பத்துக் குழைவு, ஒரு பங்குக்கு சூப்பர் ஸ்வீட் இனிப்பு என்று இரண்டும் கலந்தே வரும். கடிக்கும்போது எது எது என்று நாக்கால் பிரித்தே சொல்ல முடியாது!

கப் காலியாகப் போகிறது. அடியில் பாருங்கள்: எல்லாம் குழைந்து இனிக்கும்போது ஒரே ஒரு மணி மட்டும் கெட்டியாக, மாவாக, பல்லில் இடறும். ‘முத்தல்’ என்று துப்பப் போகிறீர்களா? ஒருவேளை அது முத்தலாகவே இல்லாமல் இருக்கலாம். எங்கோ ஒரு வயலில், பக்கத்துக் காட்டுத் தீவனச் சோளத்தின் ஒரு துளி மகரந்தம் வேலி தாண்டி வந்து ஒரே ஓர் இழையில் இறங்கியிருக்கலாம். மற்ற மணிகளிடம் இல்லாத, பழுதாகாத அந்த மரபணுவோடு!

அதையும் மென்று விழுங்கிவிட்டு, வாங்கிய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மெட்ரோவுக்கு நேரமாகிறது.